சிம்லாவுக்குச் சமைக்கப் போனவள்

எங்கள் தெருவில் யாருக்காவது வடநாட்டுப் பக்கம் போகிற ஆசை வந்துவிட்டால் நேராக என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். "சிம்லாக்கு வருஷா வருஷம் போய் வந்தவ நீதானே, அங்க இன்னா இன்னா பாக்க கீது, சொல்லேன்" என்று கேட்பார்கள். நானும் காபியைக் கொடுத்துவிட்டுச் சொல்வேன். உச்சியில் ரிட்ஜ் என்று ஒரு பெரிய வெட்டவெளி, அங்கே பஸ், கார் எதுவும் வராது. அதன் ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு சர்ச், உள்ளே கலர்க் கண்ணாடி ஜன்னல்கள். வெள்ளைக்கார வைஸ்ராய் இருந்த கல் மாளிகை, அதற்குள் தேக்கு மரப் படிக்கட்டு. ஜாக்கூ மலைமேல் ஆஞ்சநேயர் சிலை. அங்கே போனால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விடும். வானம் தெளிவாக இருந்தால் ரிட்ஜின் வடக்கு ஓரத்தில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பனிமலைகளை வரிசையாகப் பார்க்கலாம்.

இதில் முக்கால்வாசியை நான் கண்ணால் பார்த்ததில்லை என்பதையும் கூடவே சொல்லிவிடுவேன். அதை மட்டும் யாரும் காதில் வாங்குவதில்லை. தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

நான் சிம்லாவுக்குச் சமைக்கப் போனவள். ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு டூர்க்காரர் இருந்தார், என்னைவிட வயதில் சின்னவர். ஒவ்வொரு மே மாதமும் ஒரு கூட்டத்தை வடக்கே அழைத்துப் போவார். தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆள் சேரும். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், ரயில்வேக்காரர்கள், துணிக்கடை பாய் குடும்பம், சர்ச் கொயரில் பாடுகிற அம்மாக்கள், எல்லாரும் இருப்பார்கள். அவர் ஒட்டுகிற போஸ்டரில் சிம்லா என்கிற பெயரைவிட 'வீட்டுச் சாப்பாடு' என்பதுதான் பெரிய எழுத்தில் இருக்கும். அவர் ஏமாற்றுகிற ஆள் இல்லை, ஜனங்களைத் தெரிந்தவர். இமயமலைக்குப் போகிற எங்கள் ஜனங்களுக்கு இமயமலையைவிட ரசம் முக்கியம்.

அந்த ரசம் நான்தான். என் வீட்டுக்காரருக்குத் துறைமுக வேலையில் முதுகு போனபிறகு கல்யாணச் சமையலுக்குப் போக ஆரம்பித்தேன். அதைப் பார்த்து டூர்க்காரர் கூப்பிட்டார். கூட மாட ஒத்தாசைக்கு எங்கள் சந்திலேயே ஒருத்தி வருவாள். அரிசி மூட்டை, புளி, மிளகாய்த்தூள், இட்லிக் கொப்பரை, கிரைண்டர், அண்டா குண்டான் எல்லாம் எங்களோடு ரயிலேறும். டெல்லியில் இறங்கினதும் பஸ்ஸின் தலைமேல் ஏறும். நாங்களும் அந்தச் சாமான்களோடு சேர்த்தி.

கால்காவிலிருந்து சிம்லாவுக்கு ஒரு பொம்மை ரயில் போகிறது. சின்னத் தண்டவாளம், குகை குகையாக நுழைந்து நுழைந்து ஏறும். பயணிகளை அதில் ஏற்றி உட்காரவைத்துவிட்டு எங்களை அண்டாக்களோடு பஸ்ஸில் அனுப்பிவிடுவார் டூர்க்காரர். அவர்கள் ஆடி அசைந்து வந்து சேர்வதற்குள் சோறு தயாராக இருக்க வேண்டுமே. ஒரு வருஷம் பாதி வழியில் ரயிலும் பஸ்ஸும் பக்கம் பக்கமாக வந்துவிட்டன. ஜன்னலில் இருந்த எல்லாரும் கையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். எனக்கும் அந்த ரயிலுக்கும் உள்ள பழக்கம் அவ்வளவுதான்.

நாங்கள் தங்குகிற ஓட்டல் பெரிய ரோட்டுக்குக் கீழே, சரிவில் இருந்தது. சமையல் அதற்கும் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு இடத்தில். எதிரே ஈரம் சொட்டுகிற பாறைச் சுவர், அதன்மேல் தண்ணீர்க் குழாய்கள், கொஞ்சம் எட்டிப் பார்த்தால் யார் வீட்டுக் கொடியிலோ காய்கிற துணி. இதுதான் எனக்குத் தெரிந்த சிம்லா. விடியும் முன்னே எழுந்து வெந்நீர், காபி, நாஷ்டா. அவர்கள் பார்க்கப் போனதும் மத்தியானச் சாப்பாடு. திரும்பி வந்ததும் பஜ்ஜி, டீ. அப்புறம் ராத்திரிச் சோறு. அந்த உயரத்தில் பருப்பு லேசில் வேகாது. அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும், பருப்பு முழித்துக்கொண்டே இருக்கும். குரங்கு வேறு அப்பளத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும்.

ராத்திரி பந்தியில்தான் எனக்கு ஊர் தெரியும். சோறு போட்டுக்கொண்டே கேட்பேன், அவர்கள் சொல்வார்கள். வைஸ்ராய் மாளிகையைப் பற்றி ஒரு அம்மா வாய் ஓயாமல் சொன்னபோது, "அத்தினி பெரிய மாளிகைல சமையக்கட்டு எங்க இருந்துச்சாம்?" என்று கேட்டேன். "அத்தெல்லாம் காட்டலியே" என்றாள். காட்டமாட்டார்கள் என்று எனக்கே தெரியும். டூர்க்காரர் சொல்லுவார், அந்தக் காலத்தில் வெயிலுக்குப் பயந்து வெள்ளைக்காரத் துரைமார்கள் மொத்த சர்க்காரையும் கட்டித் தூக்கிக்கொண்டு இந்த மலைக்கு வந்துவிடுவார்களாம். அந்தச் சர்க்காரோடு எத்தனை சமையல்காரர்கள் அண்டாவோடு மலையேறி இருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அவர்களாவது ரிட்ஜைப் பார்த்தார்களா என்று யாரைப் போய்க் கேட்பது?

பயணிகளில் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி. நான் கடைசியாகப் போன வருஷத்தோடு சிம்லாவுக்கே அவர்களுக்கு மூன்று தடவை ஆயிற்று. அவர் ரயில்வேயில் இருந்தவர். பொம்மை ரயிலுக்கு வயது நூறுக்கு மேல் என்று யாராவது வாயைப் பிளந்தால், "எங்க ராயபுரம் ஸ்டேஷன் இத்த விட பழசு. அத்த எவனாவது டிக்கெட் போட்டு வந்து பாக்குறானா?" என்று ஒரே போடாகப் போடுவார். அந்த அம்மாவுக்கு நான் வைத்த பெயர் சுடுதண்ணி. கோழி கூவுவதற்கு முன்னால் தகரக் கூரைக்குக் கீழே வந்து நின்று, "இன்னாமே, தண்ணி காஞ்சிச்சா?" என்று கேட்பாள். நான் அடுப்பையே பற்றவைத்திருக்க மாட்டேன். மனசுக்குள் நன்றாகத் திட்டிக்கொண்டே "தோ ஆச்சும்மா" என்பேன்.

கடைசியாகப் போன தடவை, ரயில் நாக்பூர் தாண்டியதும் டூர்க்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்தார். ஏதோ கெட்ட சேதி என்று புரிந்துவிட்டது.

"அக்கா, அடுத்த வருஷத்துலேர்ந்து சாமான் தூக்கிகினு போற வேல வாணாம்னு பாக்குறேன். அங்கியே மதுரக்காரங்க வந்து ஓட்டல் போட்டுக்கீறாங்கோ. இட்லி, சாம்பார் எல்லாம் அவுங்களே குடுத்துடுவாங்கோ. நீயும் முட்டி வலி, முட்டி வலின்னு சொல்லிகினு கீற."

எனக்குக் கோபம் வரவில்லை. முட்டி வலி பொய் இல்லையே. "சரி நைனா" என்றேன். அதோடு விடாமல், "அப்ப இந்தத் தபா ஒரு நாளு என்ன மேல கூட்டிகினு போ. அந்தப் பனிமலைய ஒரு வாட்டி பாத்துட்டு வந்துடறேன்" என்றேன்.

அவர் அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தார். "நீ பாத்ததே இல்லியா?" என்று கேட்டார். இத்தனை வருஷம் கூடவே வந்த ஆள்.

யோசித்து ஒரு வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாருக்கும் இட்லி போட்டு, மத்தியானத்துக்கும் பொடி தடவிய இட்லியையே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிட்டால் அன்றைக்கு மத்தியானச் சமையல் இல்லை. நானும் கூட்டத்தோடு மேலே போகலாம், சாயங்காலம் திரும்பினால் போதும். இட்லி வராவிட்டால் அதுவும் இல்லை. பொங்கலோ உப்புமாவோ கிண்டினால் மத்தியானத்துக்குத் தாங்காது, சோறு வடித்துத்தான் ஆக வேண்டும். ஆக என் பனிமலை இட்லிமாவின் கையில் இருந்தது.

ராயபுரத்தில் மே மாதம் காலையில் மாவு அரைத்து வைத்தால் சாயங்காலம் மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். சிம்லாவில் அப்படி இல்லை. அரைத்து வைத்த மாவு அரைத்தபடியே சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி கிடக்கும். முந்தைய வருஷங்களில் அதற்குப் பயந்தே இட்லியை டெல்லியோடு நிறுத்திக்கொண்டு, மலைமேல் அந்தப் பேச்சையே எடுக்காமல் காலத்தை ஓட்டினேன். இந்தத் தடவை சனிக்கிழமை காலையிலேயே அரைத்து, உப்பு போட்டுக் கையால் நன்றாகக் கலந்து, மாவு டிரம்மை அடுப்போரம் நகர்த்திவைத்தேன். மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. குளிர் இன்னும் ஏறியது. இருட்டும் நேரத்தில் மூடியைத் திறந்தேன். மாவு துளியும் அசையவில்லை.

ராத்திரி அடுப்பை அணைத்து சிலிண்டரை மூடிவிட வேண்டும் என்பது ஓட்டல்காரன் சட்டம். அதனால் டிரம்மை எங்கள் அறைக்குள் உருட்டிக்கொண்டு வந்தோம். கோணியைச் சுற்றினேன், போதவில்லை. ஓட்டலில் கூடுதல் கம்பளி கேட்டேன். இருந்ததையெல்லாம் நம் பயணிகளே ஆளுக்கு ஒன்று அதிகமாக வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கூட வந்தவளோ தன் கம்பளியைத் தலையோடு காலாகச் சுற்றிக்கொண்டு அந்த நேரத்துக்கே குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்து அதைப் பிடுங்கினால் கடித்துவிடுவாள். என் கம்பளியை எடுத்து டிரம்முக்குப் போர்த்தினேன், குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி ஓரமெல்லாம் செருகிவிட்டேன்.

புத்தி உள்ள யாரும் செய்கிற காரியம் இல்லை. ஆனால் எங்களைப் போல அண்டாவோடு ஊர் சுற்றும் சமையல்காரிகளைக் கேட்டுப்பாருங்கள், எல்லாருமே செய்திருப்பார்கள். மாவுக்கு ஜல்பு பிடித்தால் மறுநாள் பதில் சொல்ல வேண்டியது நாம்தானே. புடவை இரண்டைச் சுற்றிக்கொண்டு, பல் கிட்டிப்போய், விடியும்வரை உட்கார்ந்தே இருந்தேன். ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை.

மாவு பொங்கிவிட்டது. கம்பளியை விலக்கி மூடியைத் திறந்ததும் அந்தப் புளித்த வாசனை வந்தது பாருங்கள், அழுதுவிட்டேன். இட்லி ஒவ்வொன்றும் பூ மாதிரி வந்தது. ரயில்வேக்காரர் நின்றபடியே தின்றுவிட்டு, "சிம்லால இதாம்மா பாக்க வேண்டிய எடம்" என்று கொப்பரையைக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். மழை விட்டு வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. பொட்டலங்களைக் கட்டி முடித்து, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்காரரின் பழைய ஸ்வெட்டரை மேலே மாட்டிக்கொண்டேன். கூட வந்தவள் வரமாட்டேன் என்றுவிட்டாள். "மலையாவது மண்ணாவது, காலு நீட்டி படுத்தா போதும் எனுக்கு" என்றாள். எனக்கு அவள்மேல் பரிதாபமாகக்கூட இருந்தது.

பெரிய ரோட்டிலிருந்து மேலே போக லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். மலைக்கு லிஃப்ட்! அதில் ஏறி இறங்கி, மால் ரோட்டின் மேட்டில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இரண்டு பக்கமும் மரச்சட்டம் அடித்த வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்கள், கீழே ஸ்வெட்டர் கடை, மேலே தபால் ஆபீஸ். ரிட்ஜில் காலை வைத்ததும் வெயில் முகத்தில் அடித்தது. அந்த மஞ்சள் சர்ச் எதிரே நின்றது. எங்கள் ஊர் சர்ச்சுக்கு முன்னால் மீன் வாசனையும் லாரிப் புகையும் இருக்கும். இங்கே குதிரைச் சாணி வாசனை. சிலுவை போட்டுக்கொண்டேன்.

"அக்கா, பனிமல அந்தாண்ட, கம்பிகிட்ட போனாக்கா தெரியும். சும்மா பளிச்சுனு கீதாம் இன்னிக்கி" என்றார் டூர்க்காரர். கம்பியோரம் கூட்டம் நெருக்கிக்கொண்டு நின்றது. எனக்கோ அந்த நெருக்கலில் நிற்க முட்டி இடம் கொடுக்கவில்லை. சர்ச்சுக்குப் பக்கத்தில் வெயிலில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது, மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. "நீங்க போய்கினே இருங்க, செத்த குந்திட்டு வந்துடறேன்" என்றேன். இத்தனை வருஷம் அங்கேயே நின்ற மலை இன்னும் ஐந்து நிமிஷம் நிற்காதா?

பெஞ்சுப் பலகை சூடாக இருந்தது. வெயில் ஸ்வெட்டருக்குள் இறங்கி முதுகெலும்பு வரைக்கும் போனது. எவனோ குழந்தைகளுக்கு ஊதல் விற்றுக்கொண்டு போனான். அதன்பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

கண்ணைத் திறந்தபோது முகத்துக்கு மேலே ஒரு கறுப்புக் குடை. என் தலை யார் மடியிலோ இருந்தது. பக்கத்தில் இட்லிப் பொட்டலம் கட்டிய இலைகள் மடங்கிக் கிடந்தன. எல்லாரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். சில்லென்று காற்று. வெயிலைக் காணோம், சர்ச்சின் கோபுரத்தில் பாதியைக் காணோம். அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்து கம்பியை நோக்கி ஓடினேன், அந்த முட்டியோடு. அங்கே யாருமே இல்லை. எதிரே வெறும் வெள்ளை, வேட்டியை விரித்துக் கட்டிய மாதிரி. கீழே இருக்கிற தேவதாரு மரங்கள்கூடத் தெரியவில்லை.

"காத்தாலேர்ந்து நல்லாதாம்மா இருந்துச்சு. இப்பதான் கொஞ்ச முன்ன மூடிகிச்சு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. சுடுதண்ணி அம்மாதான். கையில் அந்தக் குடை.

"ஏன் எயுப்பல?" என்று கத்தினேன். பயணிகளிடம் நான் குரலை உயர்த்தினதே கிடையாது. "காத்தாலேர்ந்து இங்கதான கீறீங்க எல்லாரும்? ஒருத்தருக்காவது எயுப்பணும்னு தோணலியா? நான் இன்னா தூங்கவா வந்தேன்?"

ரயில்வேக்காரர் தூரத்தில் நின்று சர்ச்சைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாதான் என் கிட்டே வந்தாள்.

"டூர் தம்பி எயுப்பத்தான் வந்தாரு. நான்தான் வாணாம்னுட்டேன். மத்தவங்கள மாளிகைக்கு அனுப்பிச்சுட்டு நானு உங்கிட்ட குந்திகினேன், அவுங்களும் போய்ட்டு வந்துட்டாங்கோ. கொரங்கு வேற பைய இழுத்துச்சு, தொரத்தினேன். எத்தினி தபா உங்கூட டூர் வந்துக்கீறேன். நீ கண்ண மூடி நான் பாத்ததே இல்லமே. எந்நேரத்துக்கு வந்து பாத்தாலும் முயிச்சுகினு நிப்ப. வாயத் தொறந்துகினு கொயந்த மாதிரி தூங்கற, எயுப்ப மனசு வர்ல."

அவள் மடியில்தான் இத்தனை நேரம் படுத்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்காக மாளிகையையும் விட்டுவிட்டு, கால் மரத்துப்போக உட்கார்ந்திருக்கிறாள். என்ன சொல்லித் திட்டுவது? அவள் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது, குடையைப் பிடுங்கி அந்த மேகத்துக்குள் வீச வேண்டும் போலவும் இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கிழிசலாவது விழாதா, ஒரு மலையின் ஒரு மூலையாவது தெரியாதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். டூர்க்காரரும் பாவம், எவ்வளவு நேரம் பொறுப்பார்? ராத்திரிச் சோற்றுக்கு அரிசி ஊறப்போட வேண்டும், மறுநாள் விடிந்ததும் பஸ். அப்படியே தூறல் ஆரம்பித்தது.

லிஃப்டுக்கு வரிசையில் நிற்கும்போது அந்த அம்மா என் தோளைத் தொட்டாள். "கோவமாக்கீறியா?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

"கோச்சுக்கோ, எனுக்கு வேணும்தான்" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தூக்கமாவது நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

நான் லிஃப்டுக்குள் நுழைந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நல்லா இருந்துச்சா என்று கேட்கிறாளே. வயசுக்கு வந்த நாளிலிருந்து நான் அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை. கதவு மூடி லிஃப்ட் கீழே இறங்க ஆரம்பித்தபோது என் உடம்பு திரும்பிப் போகக் கேட்டது அந்த மலைக்கு இல்லை, அந்தப் பெஞ்சுக்கு. அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.